உலோகத்தைக் கூட்டுவதற்கு முன்: தாங்கியில் பதித்த ஊக்கிகளை மேம்படுத்தும் வழி

யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்பில் இரசாயனவியல் படித்த எவருக்கும் ஊக்கி என்பது பழகிய சொல். ஏபர் முறைக்கு இரும்பு, தொடுகை முறைக்கு வனேடியம் ஐயொட்சைட்டு, மரக்கறி எண்ணெயைக் கெட்டியாக்க நிக்கல் என்று மனனம் செய்து, பரீட்சைத் தாளில் அம்புக்குறிக்கு மேலே எழுதிவிட்டு வந்திருப்போம். அந்த நிக்கல் எந்த உருவத்தில் இருக்கிறது என்று அப்போது யாரும் கேட்பதில்லை. பல்கலைக்கழக ஆய்வுகூடத்திலோ, வெளியூர்த் தொழிற்சாலையொன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவிலோ முதன்முதலாக ஒரு ஊக்கியைக் கையில் எடுக்கும்போதுதான், அது பளபளக்கும் உலோகத்துண்டு அல்ல, நுண்துளைகள் நிறைந்த ஒரு ஒட்சைட்டுத் தாங்கியின்மீது கண்ணுக்குத் தெரியாத துணிக்கைகளாக உலோகம் பதிந்திருக்கும் ஒரு சாதாரணக் கறுப்பு உருளை என்பது தெரியவரும். அந்த நிலையில் நிற்பவர்களுக்காகவே இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது.

ஊக்கி எதிர்பார்த்தபடி வேலை செய்யாதபோது புதியவர் மனத்தில் முதலில் எழும் எண்ணம், உலோகத்தின் அளவைக் கூட்டிப் பார்ப்போம் என்பதே. பெரும்பாலான வேளைகளில் இது தவறான முதலடி. தாக்கம் நடப்பது துணிக்கையின் மேற்பரப்பில் உள்ள அணுக்களில் மட்டுமே. உள்ளே புதைந்து கிடக்கும் அணுக்களுக்கு விலை உண்டு, வேலை இல்லை. 10 நானோமீற்றர் விட்டமுள்ள ஒரு நிக்கல் துணிக்கையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அணுக்களே வெளியில் இருக்கும். விட்டம் 2 நானோமீற்றராகக் குறைந்தால் ஏறத்தாழப் பாதி அணுக்கள் வெளியே வந்துவிடும். உலோகத்தை இரட்டிப்பாக்கும்போது துணிக்கைகளும் பருத்துவிட்டால், செலவு இரண்டு மடங்காகும், தாக்கவீதம் இருந்த இடத்திலேயே நிற்கும். ஆகவே எதையாவது மாற்றுவதற்கு முன்னர், ஊக்கியை இழுத்துப் பிடிப்பது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். கீழே வரும் படிகளின் ஒழுங்கு அதற்காகவே அமைந்தது.

முதற்படி: எதை அளக்கிறோம்?

ஒரு ஊக்கி நன்றாக இருக்கிறது என்று சொல்லும்போது மூன்று வெவ்வேறு விடயங்களைச் சொல்ல முடியும். தாக்கம் எவ்வளவு விரைவாக நடக்கிறது என்பது தொழிற்பாடு. கிடைத்த விளைபொருள்களில் நாம் விரும்பியது எவ்வளவு என்பது தெரிவுத்திறன். இந்த இரண்டும் எத்தனை காலம் நிலைக்கும் என்பது ஆயுள். ஆய்வுகூடத்தில் இருப்பவர்கள் முதலாவதில் மயங்கிப்போவது வழக்கம். தொழிற்சாலையில் இருப்பவர் கடைசி இரண்டையுமே முதலில் கேட்பார், ஏனெனில் ஊக்கியை மாற்றுவதென்றால் ஆலையை நிறுத்த வேண்டும். எதை மேம்படுத்தப் போகிறீர்கள் என்பதைக் குறிப்பேட்டின் முதல் வரியில் எழுதிவிடுவது நல்லது. பின்னர் அதை மாற்றிக்கொள்ள ஆசை வரும்.

அளவீட்டில் இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது, மாற்றம் மிக உயர்ந்த நிலையில் இரண்டு ஊக்கிகளை ஒப்பிடுவது. தாக்கியில் நூற்றுக்கு 98 பங்கு மாறிவிடும் நிலையில் நல்ல ஊக்கியும் சுமாரான ஊக்கியும் ஒரே பெறுமானத்தையே காட்டும். இரசாயனச் சமநிலை அண்மித்துவிட்டால் நீங்கள் அளப்பது ஊக்கியையே அல்ல, வெப்பவியக்கவியலை. எனவே வாயுவின் பாய்ச்சலைக் கூட்டியோ, ஊக்கியின் திணிவைக் குறைத்தோ, மாற்றத்தை நூற்றுக்கு 10 முதல் 15 வரையான எல்லைக்குள் கொண்டுவந்து ஒப்பிட வேண்டும். இரண்டாவது பொறி, வெற்றுச் சோதனை செய்யாமல் விடுவது. உலோகம் இல்லாத தாங்கியை மட்டும் இட்டு ஒருமுறையும், எதுவுமே இடாத வெறுங்குழாயில் ஒருமுறையும் அதே வெப்பநிலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். துருப்பிடிக்காத உருக்குக் குழாயிலேயே நிக்கல் இருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உயர் வெப்பநிலையில் குழாய்ச் சுவரே ஊக்கியாகிவிடலாம். இயலுமானால் குவாட்சுக் குழாயைப் பயன்படுத்துங்கள்.

இரண்டாம் படி: தடை உலோகத்திலா, வழியிலா?

தாக்கி மூலக்கூறு உருளையின் வெளிப்பரப்பை அடைந்து, நுண்துளைகளுக்குள் புகுந்து, உலோகத்தை எட்டி, மாறி, மீண்டும் வெளியே வர வேண்டும். இந்த வழி நெருக்கமாக இருந்தால் உருளையின் வெளியோரம் மட்டுமே வேலை செய்யும், நடுப்பகுதி பட்டினி கிடக்கும். இதை அறிவதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. அதே ஊக்கியை உரலில் இடித்து, அரிதட்டுகளால் இரண்டு மூன்று பருமன்களாகப் பிரித்து, சம திணிவு எடுத்து, சம நிலைமைகளில் ஓட்டிப் பாருங்கள். மணி சிறிதாகச் சிறிதாகத் தாக்கவீதம் ஏறிக்கொண்டே போனால் தடை துளைவழிப் பரவலில் இருக்கிறது. மாறாதிருந்தால் அந்தக் கவலையை விட்டுவிடலாம். வெப்பநிலையை மாற்றிக் கணிக்கும் ஏவற்சக்தி, எதிர்பார்த்த பெறுமானத்தின் பாதிக்கு அருகில் வந்தாலும் அதுவே காரணம் என்று ஐயுறலாம்.

பரவல் தடையுள்ள ஊக்கியில் உலோகத்தை மாற்றி மினக்கெடுவதில் பயனில்லை. மெதேனையும் கொதிநீராவியையும் தாக்கச் செய்து ஐதரசன் எடுக்கும் ஆலைகளில் நிக்கல் உருளையின் உட்பகுதி பெரும்பாலும் சும்மாவே இருக்கிறது. வினைத்திறன் காரணி, அதாவது பரவல் தடையே இல்லாதிருந்தால் கிடைக்கக்கூடிய வீதத்தில் உண்மையில் கிடைக்கும் பங்கு, அங்கே நூற்றுக்கு 10 பங்கிலும் குறைவு. அதனாற்றான் அந்த உருளைகளில் பல துளைகளைக் குடைந்து, வெளிப்பரப்பைப் பெருக்கி விற்கிறார்கள். அங்கே உருவத்தைத் திருத்தியதே பெரிய மேம்பாடு.

வெப்பமும் இதே போல ஏமாற்றும். வெப்பத்தை வெளிவிடும் தாக்கத்தில் ஊக்கிப் படுக்கையின் ஒரு புள்ளி மட்டும் கொதித்துக்கொண்டிருக்க, வெப்பமானி வேறிடத்தில் அமைதியான எண்ணைக் காட்டும். சிலிக்கன் காபைட்டுத் தூளைக் கலந்து படுக்கையை ஐதாக்கினால் இது பெருமளவு அடங்கும்.

மூன்றாம் படி: தாங்கியைத் தெரிதல்

அலுமினா, சிலிக்கா, தைத்தேனியம் ஈரொட்சைட்டு, காபன் ஆகிய நான்கையும் தெரிந்துகொண்டாற் தொடங்குவதற்குப் போதும். தாங்கி என்பது உலோகத்தைச் சுமக்கும் வெறும் தட்டு அல்ல. நீரில் இடும்போது ஒவ்வொரு ஒட்சைட்டின் மேற்பரப்பும், கரைசலின் பிஎச் பெறுமானத்துக்கேற்ப நேரேற்றமோ எதிரேற்றமோ பெறும். ஏற்றம் பூச்சியமாகும் பெறுமானம் சிலிக்காவுக்கு ஏறத்தாழ 2, அலுமினாவுக்கு ஏறத்தாழ 8. ஆகவே அமிலக் கரைசலில் அலுமினாவின் மேற்பரப்பு நேரேற்றம் கொண்டு, எதிரேற்றமுள்ள குளோரோபிளாற்றினேற்று அயனை இழுத்துப் பிடிக்கும். சிலிக்காவில் பிளாற்றினத்தைப் பதிக்க வேண்டுமானால், நேரேற்றமுள்ள அமோனியாச் சிக்கலயனை எடுத்து, கரைசலை மூல இயல்புக்குக் கொண்டுவர வேண்டும். உப்பையும் தாங்கியையும் இவ்வாறு பொருத்திக்கொண்டால், சிறிய துணிக்கைகள் கிடைப்பதற்கான பாதி வேலை கரைசலிலேயே முடிந்துவிடும்.

தைத்தேனியம் ஈரொட்சைட்டு பற்றி ஒரு எச்சரிக்கை. புல்மோட்டைக் கரையின் இல்மனைற்று மணலை அறிந்த நமக்கு அது உறவுப்பொருள் போலத் தோன்றினாலும், அது சற்றுக் குறும்பான தாங்கி. அதில் பதித்த பிளாற்றினத்தை 500 பாகை செல்சியசில் ஐதரசனால் தாழ்த்தினால், தாங்கியே ஊர்ந்து வந்து உலோகத்தின்மேல் மெல்லிய போர்வையாகப் படர்ந்து, ஐதரசனைப் புறத்துறிஞ்சும், அதாவது தன் மேற்பரப்பில் பிடித்துவைக்கும், ஆற்றலை மறைத்துவிடும். 1978 இல் வெளியான ஆய்வொன்று இதனைத் தெளிவாகக் காட்டியது. துணிக்கைகள் பருத்துவிட்டன என்று எண்ணி ஊக்கியை எறிந்துவிடாதீர்கள். ஒட்சிசனில் சூடாக்கி, தாழ்ந்த வெப்பநிலையில் மறுபடியும் தாழ்த்தினால் உலோகம் போர்வையை விலக்கிக்கொண்டு வரும்.

சிரட்டைக்கரியிலிருந்து செய்த ஏவிய காபன் நம் நாட்டில் எளிதாகக் கிடைப்பதால் பலர் அதையே நாடுவார்கள். விலையுயர்ந்த உலோகங்களுக்கு அது நல்ல தாங்கிதான், ஆனால் அதில் பொற்றாசியம் உள்ளிட்ட சாம்பற்சத்துக்கள் உண்டு. அமிலத்தாலும் பின்னர் வடிநீராலும் கழுவாமல் பயன்படுத்தினால், பெறும் விளைவு உலோகத்தினுடையதா சாம்பலினுடையதா என்று சொல்ல முடியாது போகும்.

நான்காம் படி: ஊறவைத்தல்

புதியவர் கையால் செய்து பழக வேண்டிய முறை, தாங்கியின் துளைகள் நிறையும் அளவுக்கு மட்டும் கரைசலை விட்டு ஊறவைத்தல். இதை விளக்குவதற்கு நம் வீட்டுப் புட்டைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. வறுத்த மாவில் நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்துக் குழைக்கும்போது ஒவ்வொரு மணியும் உள்ளே நனைந்திருக்க வேண்டும், வெளியே உதிரியாக இருக்க வேண்டும். ஒரு கை நீர் கூடினால் அது களியாகிவிடும். தாங்கியும் அப்படித்தான். நீர் கூடினால் உலோக உப்பு துளைக்கு வெளியே நின்று, உலரும்போது வெளிப்பரப்பில் தடித்த பொருக்காகப் படியும். குறைந்தால் சில மணிகள் வெறுமையாகவே இருக்கும். புதுமாவுக்கும் பழைய மாவுக்கும் நீரளவு வேறுபடுவது போல, ஒவ்வொரு பொதித் தாங்கிக்கும் அளவு வேறுபடும். சென்ற முறை எழுதி வைத்த எண்ணை நம்பக்கூடாது.

முதலில் துளைக் கனவளவை அளக்க வேண்டும். தாங்கியை 120 பாகை செல்சியசில் ஓரிரவு உலர்த்தி, ஈரமுறிஞ்சும் கலத்தில் ஆறவிட்டு, 5 கிராம் நிறுத்தெடுங்கள். அளவியிலிருந்து வடிநீரைத் துளித்துளியாக விட்டுக் கலக்கிக்கொண்டே வர, மணிகள் முதன்முதலாக ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும் கணத்தில் நிறுத்துங்கள். விட்ட நீரை 5 ஆல் வகுத்தால் கிராமொன்றுக்கான கனவளவு கிடைக்கும். உலர்த்தும் வேலையைச் சிலர் வீண் என்று நினைப்பார்கள். மாரி காலத்தில் மூடி சரியாகப் பூட்டாத போத்தலிலிருந்து அலுமினாவை நேரே நிறுத்து, ஒரு வாரம் முழுவதும் பொருந்தாத முடிவுகளோடு போராடியவன் நான். அலுமினா காற்றிலுள்ள ஈரத்தை நாம் பார்க்காத வேளையில் குடித்துக்கொண்டே இருக்கும்.

இனிக் கணக்கு. 10 கிராம் அலுமினாவில், முடிவுத் திணிவின் நூற்றுக்கு 10 பங்காக நிக்கல் வேண்டும் என்று கொள்வோம். அலுமினா நூற்றுக்கு 90 பங்கு என்பதால் மொத்தம் 11.1 கிராம், அதில் நிக்கல் 1.11 கிராம். நிக்கலின் சார் அணுத்திணிவு 58.7, அறுநீரேற்று நிக்கல் நைத்திரேற்றின் சார் மூலக்கூற்றுத்திணிவு 290.8. ஆகவே நிறுக்க வேண்டிய உப்பு 5.5 கிராம். துளைக் கனவளவு கிராமுக்கு 0.6 மில்லிலீற்றர் எனில், கரைசலின் மொத்தக் கனவளவு 6 மில்லிலீற்றர். இங்கேதான் பலர் இடறுகிறார்கள்: 6 மில்லிலீற்றர் நீரில் உப்பைக் கரைக்கக் கூடாது. உப்பும் இடம் பிடிக்கும் என்பதால், குறைந்த நீரில் இளஞ்சூட்டில் கரைத்து, பின்னர் 6 மில்லிலீற்றராக நிரப்ப வேண்டும். நிக்கல் உப்புகள் புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை. கையுறை, மூக்கு மூடி, புகைக்கூண்டு ஆகிய மூன்றில் எதையும் விடக்கூடாது.

நீர் விடயத்தில் யாழ்ப்பாணத்தவர் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். சுண்ணாம்புக்கல் நிலத்தின் கிணற்று நீரில் கல்சியமும், பல இடங்களில் குளோரைட்டும் நிறைய உண்டு. கண்ணாடிப் பாத்திரத்தைக் கடைசியாகக் கழுவுவதும் வடிநீராலேயே இருக்கட்டும். 1980களில் யப்பானிய ஆய்வாளர் மசாத்தாகே அருத்தா, 5 நானோமீற்றருக்கும் சிறிய பொற்றுணிக்கைகள் காபனோரொட்சைட்டை அறை வெப்பநிலைக்கும் கீழே ஒட்சியேற்றும் என்று காட்டினார். அத்தகைய பொன் ஊக்கிகளில் எஞ்சி நிற்கும் குளோரைட்டு, துணிக்கைகளைப் பருக்கச் செய்து தொழிற்பாட்டையும் கெடுத்துவிடும்.

ஐந்தாம் படி: உலர்த்தல், நீற்றல், தாழ்த்தல்

நன்றாக ஊறவைத்த ஊக்கி கெட்டுப்போவது பெரும்பாலும் உலையில். உலரும்போது நீர் நகரும். அதனோடு உப்பும் நகரும். உருளையைக் குறுக்காக வெட்டி நிறத்தைப் பார்த்தால் உப்பு ஓரத்துக்குப் போயிற்றா, நடுவில் தங்கியதா என்று தெரிந்துவிடும். இடம்பெயர்வது தொல்லையாக இருந்தால் கரைசலில் சித்திரிக்கமிலம் சேர்ப்பது ஒரு பழைய உபாயம்: கரைசல் உலரும்போது பிசுபிசுத்து, உப்பை இருந்த இடத்திலேயே பிடித்துவைக்கும்.

நீற்றலில், அதாவது உலர்ந்த மாதிரியை வளியில் சூடேற்றும்போது, நைத்திரேற்று பிரிகையடைந்து, கபில நிறமான நச்சுப்புகை எழும். உலையின் வெளிவாய் புகைக்கூண்டுக்குள் இருக்க வேண்டும். அந்தப் புகையும் நீராவியும் மணிகளிடையே தேங்கினால் நிக்கல் ஒட்சைட்டு பெரிய பளிங்குகளாகத் திரளும். ஆகவே ஆழமான புடக்குகையில் குவித்து வைக்காமல், மெல்லிய படையாகப் பரப்பி, வளி ஓடும் குழாயுலையில் நிமிடத்துக்கு 2 பாகை என்ற நிதானத்தில் 400 முதல் 450 பாகை வரை ஏற்றுங்கள். இன்னும் சூடேற்றினால் நல்லது என்று நினைக்க வேண்டாம். 700 பாகையைத் தாண்டியதும் நிக்கல் அலுமினாவோடு கலந்து நீலநிற நிக்கல் அலுமினேற்றாகும், அதைத் தாழ்த்துவது கடினம். உலையைத் திறந்தபோது மாதிரி நீலம் பாரித்திருந்தால் கருவி எதுவும் இல்லாமலே விடை கிடைத்துவிட்டது. நீற்றலின் இடையில் மின்சாரம் நின்றுபோனால், நின்ற நேரத்தையும் வெப்பநிலையையும் எழுதிவைத்து, அந்த மாதிரியை ஒப்பீட்டில் சேர்க்காதிருப்பதே நேர்மை.

தாழ்த்தலுக்கு நைதரசனில் ஐதாக்கிய ஐதரசனை எடுப்பது பாதுகாப்பு. ஒட்சைட்டு உலோகமாகும்போது நீர் உண்டாகும். அந்த நீராவி துணிக்கைகளை ஒன்றுசேரத் தூண்டும் என்பதால், வாயுப்பாய்ச்சல் தாராளமாகவும் சூடேற்றல் மெதுவாகவும் இருக்க வேண்டும். எதுவரை சூடேற்றலாம் என்பதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு. உலோகத்தின் உருகுநிலையைக் கெல்வினில் எழுதிப் பாதியாக்கினால், அதன் அணுக்கள் கணிசமாக நகரத் தொடங்கும் வெப்பநிலை வரும். நிக்கல் 1728 கெல்வினில் உருகும், பாதி 864 கெல்வின், அதாவது ஏறத்தாழ 590 பாகை செல்சியஸ். செம்புக்கு அது ஏறத்தாழ 405 பாகைதான். மெதனோல் ஆலைகளில் செம்பு ஊக்கியை 220 முதல் 270 பாகை வரையான எல்லைக்குள் வைத்துக் காப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தாழ்த்திய நிக்கலைச் சூடாறியதும் நேரே வெளியே எடுத்தால் காற்றுப்பட்டுத் தீப்பற்றலாம். நைதரசனில் நூற்றுக்கு ஒரு பங்கு ஒட்சிசன் கலந்த வாயுவை அறை வெப்பநிலையில் மெல்ல ஓட்டி, மேற்பரப்பில் மட்டும் மெல்லிய ஒட்சைட்டுப் படையை உண்டாக்கிய பின்னரே எடுக்க வேண்டும். இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். தாழ்த்திய நிக்கலின்மேல் 200 பாகைக்குக் கீழே காபனோரொட்சைட்டை ஒருபோதும் விடாதீர்கள். நிக்கல் நாற்காபனைல் என்ற ஆவியாகும் கொடிய நஞ்சு உருவாகும். 1890 இல் லுட்விக் மொண்ட் உலகுக்கு அறிவித்த இந்தச் சேர்வை நிக்கலைத் தூய்மையாக்கப் பயன்பட்டது. ஆய்வுகூடத்தில் அது உயிரை எடுக்கும்.

ஆறாம் படி: செய்ததைப் பார்த்தல்

ஐதரசன் புறத்துறிஞ்சல் மேற்பரப்பு அணுக்களை எண்ணித் தரும். எக்ஸ் கதிர்க் கோணல் பளிங்கின் சராசரிப் பருமனைச் சொல்லும், ஆனால் 3 நானோமீற்றருக்குக் குறைந்தவற்றைப் பெரும்பாலும் காணாது. ஊடுகடத்தல் இலத்திரன் நுணுக்குக்காட்டி எல்லாவற்றையும் காட்டும், மாதிரியின் மிகச் சிறிய பகுதியை மட்டும். வெளி நிறுவனத்துக்கு மாதிரி அனுப்ப வேண்டிய நிலையில் ஒன்றுக்குத்தான் பணம் இருந்தால் நான் புறத்துறிஞ்சலையே தெரிவேன், ஏனெனில் தாக்கவீதத்தை மேற்பரப்பு அணுவொன்றுக்கான வீதமாக மாற்ற உதவுவது அதுதான்.

இந்தக் கட்டத்தில் துணையாக இன்னொரு மூலகத்தைச் சேர்ப்பது பற்றி யோசிக்கலாம். நிக்கல் ஊக்கியில் சிறிதளவு பொற்றாசியம் காபன் படிவைக் குறைக்கும், தொழிற்பாட்டையும் சிறிது குறைக்கும். எதிலீனில் கலந்துள்ள சிறிதளவு அசற்றலீனை மட்டும் ஐதரசனேற்ற வேண்டிய இடத்தில், பலேடியத்தோடு வெள்ளி சேர்த்து அதன் வேகத்தை அடக்குகிறார்கள். தொழிற்பாட்டை விட்டுக்கொடுத்துத் தெரிவுத்திறனோ ஆயுளோ வாங்கும் பேரம் இது. முதற்படியில் எழுதிய முதல் வரியை இப்போது திருப்பிப் பாருங்கள்.

ஏழாம் படி: கெட்டுப்போன ஊக்கியை வாசித்தல்

தொழிற்பாடு விழுந்தால் மூன்று சந்தேக நபர்கள் இருக்கிறார்கள்: துணிக்கைகள் ஒன்றாகத் திரண்டிருக்கலாம், காபன் படிந்திருக்கலாம், நஞ்சு ஏறியிருக்கலாம். குழாயைக் கவிழ்த்து எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிட்டால் சாட்சியம் அழிந்துவிடும். வாயு நுழையும் பகுதி, நடுப்பகுதி, வெளியேறும் பகுதி என மூன்றாகப் பிரித்து எடுங்கள். நுழைவாயிலில் மட்டும் கந்தகம் செறிந்திருந்தால் நஞ்சுதான் காரணம். ஊக்கியைத் திருத்துவதில் பயனில்லை. அதற்கு முன்னே 350 முதல் 400 பாகையில் ஒரு நாக ஒட்சைட்டுப் படுக்கையை வைத்து ஐதரசன் சல்பைட்டைப் பிடிக்க வேண்டும். கபாலம் போல வெடித்த உருளைகளும் கறுத்த தூளும் காணப்பட்டால், காபன் இழைகள் உலோகத்தைத் தாங்கியிலிருந்து பெயர்த்து வளர்ந்திருக்கின்றன. கொதிநீராவியின் விகிதத்தைக் கூட்ட வேண்டும். மூன்று பகுதிகளிலும் கந்தகமும் காபனும் இல்லாமல் துணிக்கைகள் மட்டும் பருத்திருந்தால், எங்கோ, எப்போதோ வெப்பநிலை கைமீறிப் போயிருக்கிறது.

மூன்றிலும் எளிதாக மீட்கக்கூடியது, துளைகளை மூடிப் படிந்திருக்கும் காபன்தான். வெறும் வளியில் எரித்தால் படுக்கை தானே தீயாகி, மீட்க வந்த ஊக்கியைத் திரளச் செய்துவிடும். ஒட்சிசனை நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவாக ஐதாக்கி, படுக்கையின் வெப்பநிலை 500 பாகையைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டு, வெளியேறும் வாயுவில் காபனீரொட்சைட்டு நின்றுபோகும்வரை காத்திருந்து, பின்பு மறுபடியும் தாழ்த்தி, முதல் நாள் அளந்த அதே குறைந்த மாற்றத்தில், அதே மணிப்பருமனில் ஓட்டிப் பாருங்கள்.